பத்து முப்பத்தாறிலிருந்து பத்து முப்பத்தொன்பது வரை

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர், நர்சிங் கல்லூரியில் முக்காலி. இரண்டுமே அவள் கேட்டு வாங்கிய பெயர்கள் இல்லை. ஆனால் இரண்டுக்கும் அவளிடம் பொருத்தம் இல்லாமலும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் மேஜையைச் சுற்றி நான்கு பேர் நின்றுவிட்டால் அவளுடைய உயரத்துக்கு முதுகுகள் மட்டும்தான் தெரியும். முதல் நாளே மூலையில் கிடந்த ஸ்டீல் முக்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். தியேட்டர் சிஸ்டர் முறைத்தார்.

"வேடிக்கை பாக்கவா வந்தே?"

"பாத்துக் கத்துக்கத்தானே சிஸ்டர் அனுப்பியிருக்காங்க."

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் நான்கு வருடமாகியும் போகவில்லை.

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் பட்டம். அதன் பிறகு இரண்டு வருடம் ஐ.சி.யு.வில் வேலை. இருபத்திநாலில் நுழைவுத் தேர்வு. அதில் ஒருமுறை தோற்றுப்போனால் அழுதுவிட்டு மறுபடி எழுதுவதற்கு ஒரு வருடம் ஒதுக்கியிருந்தாள். பிறகு மூன்று வருடப் படிப்பு. ஆக இருபத்தெட்டில் அவள் அனஸ்தீசியா ஸ்பெஷலிஸ்ட். ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு மனிதரைத் தூங்க வைத்து, அவர் தூங்கும் நேரம் முழுக்க அவருக்காக விழித்திருந்து, பத்திரமாக எழுப்பிவிடுகிற ஆள்.

இதெல்லாம் காற்றில் கட்டிய கோட்டை என்று நினைத்துவிட வேண்டாம். மேற்படிப்புக் கல்லூரியின் அலுவலகத்துக்கு மூன்று முறை போய், அங்கிருந்த கிளார்க்கைக் குடைந்து எடுத்துத் தெரிந்துகொண்ட விதிகள்.

"நீ இன்னும் டிகிரியே முடிக்கலையேம்மா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"முடிச்சிட்டு வந்து கேட்டா அதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிடும் சார்."

அவர் சலித்துக்கொண்டே கோப்பைத் திறந்து படித்துச் சொன்னார். ஐ.சி.யு.வில் முழுசாக இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். சாதாரண வார்டு, பிரசவ வார்டு, ஓ.பி., தனியார் கிளினிக், எதுவும் கணக்கில் வராது. பத்து வருடம் ஓ.பி.யில் ஊசி போட்டுவிட்டு வந்தாலும் வாசலோடு திரும்பிப் போக வேண்டியதுதான்.

வீட்டில் இந்தத் திட்டத்துக்கு இருந்த மரியாதையையும் சொல்லிவிட வேண்டும். அத்தான், அதாவது அக்காவின் கணவர், மருந்துக்கடை வைத்திருப்பவர். "மயக்க மருந்து குடுக்கறதுக்கா இன்னும் ஆறு வருஷம் படிக்கப்போறே? நீ பக்கத்துல உக்காந்து அரை மணி நேரம் பேசினாலே போதுமே, எந்த நோயாளியும் மயங்கிடுவானே!" என்றார். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அக்கா தண்ணீர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "இருபத்தெட்டு வயசுல பாருங்க," என்றாள்.

அத்தான் கெட்டவர் இல்லை. அவருடைய நண்பர் ஒருவரின் கண் கிளினிக்கில் அவளுக்கென்று ஒரு வேலை பேசி வைத்திருந்தார். காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்கு வந்துவிடலாம். கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். "பேசறதுக்கும் நிறைய ஆள் கிடைப்பாங்க," என்றார். நல்ல மனசோடு செய்கிறவர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் பெரிய கஷ்டம். கோபித்துக்கொள்ளவும் முடியாது.

இந்த ஆசை அவளுக்குக் காது வழியாக வந்தது. இரண்டாம் வருடத்தில் தியேட்டருக்குப் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மானிட்டரின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நோயாளியின் விரலில் மாட்டுகிற கிளிப், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் டிங், டிங் என்று மானிட்டரை ஒலிக்க வைக்கும். சத்தம் எப்போதும் ஒரே மாதிரி இல்லை என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் ஒலி உயரத்தில் நிற்கும். குறையக் குறைய அதுவும் படியிறங்கும். திரையைப் பார்க்காமலே காதை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்த் திரையில் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு வேறு எந்த வேலையும் வேலையாகத் தெரியவில்லை.

இப்போது கடைசித் தேர்வு முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. வகுப்பில் அவள் இரண்டாவது. மருத்துவமனையின் ஐ.சி.யு.வுக்குப் புதிதாக மூன்று பேரை எடுப்பார்கள். முதல் மூன்று பேரை எடுப்பதுதான் வழக்கம். பணிப் பட்டியல் வரப் பதினைந்து நாள்கூட இல்லை. மிச்சமிருந்த சில நாள் தியேட்டர் டியூட்டியை முடித்துவிட்டால் போதும்.

அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே பெரிய சர்ஜன் ஒருவர் இருந்தார். கை தேர்ந்த கை, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்குச் சத்தம் ஆகாது. யாராவது தும்மினால்கூட "உஷ்!" என்பார். மாணவிகளுக்கு மத்தியில் அவர் பெயரே உஷ் டாக்டர். அவர் உள்ளே வருவதற்கு முன்பே மயக்க டாக்டர் மானிட்டரின் சத்தத்தைத் திருகிக் குறைத்து வைத்துவிடுவார், அலாரத்தையும் சேர்த்து. இதற்கென்று யாரும் உத்தரவு போட்டதில்லை, எங்கும் எழுதி ஒட்டியதுமில்லை. மாமனார் வீட்டுக்கு வந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பது மாதிரி, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு நல்ல காதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வேலை பார்க்கிறோம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. ஆனால் மாணவிக்குத் தோன்றுவதை யார் கேட்கப்போகிறார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை மேஜையில் படுத்திருந்தவர் ஒரு லிஃப்ட் ஆபரேட்டர். பித்தப்பையில் கல். வயிற்றில் சின்னத் துளை போட்டு, காற்றை நிரப்பி உப்ப வைத்து, கேமராவை உள்ளே விட்டுச் செய்கிற ஆபரேஷன். தூங்க வைத்தாயிற்று, மூச்சுக்குழாயில் டியூப் போட்டாயிற்று, வயிற்றில் காற்றும் ஏறிவிட்டது. சர்ஜன் மேஜையைச் சாய்க்கச் சொன்னார், சாய்த்தார்கள். மயக்க டாக்டர் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த நோயாளியின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

முக்காலியின் மேல் நின்றிருந்தவளுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தாறு. தொண்ணூற்றெட்டில் இருந்த ஆக்சிஜன் எண் தொண்ணூற்றைந்தாக மாறியது. கிளிப் நழுவியிருக்கும் என்று விரலைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. தொண்ணூற்றொன்று. பக்கத்தில் பஞ்சுத் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த தியேட்டர் சிஸ்டரிடம், "சிஸ்டர், ஆக்சிஜன் இறங்குது," என்றாள். எண்ணிக்கையின் நடுவில் பேசினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அவர் கையை மட்டும் ஆட்டி அடக்கினார். எண்பத்தெட்டு. "டாக்டர்!" என்று மயக்க டாக்டரின் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"உஷ்!" என்றார் சர்ஜன்.

எண்பத்தாறு.

அவள் குதித்து இறங்கினாள், மூன்றே எட்டில் மானிட்டரை அடைந்தாள், சத்தத்தின் திருகை ஒரே திருப்பாகத் திருப்பினாள். அறை முழுக்க அந்தச் சத்தம் கொட்டியது. டிங் என்று சொல்ல முடியாத, தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஒரு கீழ்ஒலி. மயக்க டாக்டர் பேனாவைப் போட்டுவிட்டுத் திரும்பிய வேகத்தைப் பார்க்க வேண்டும். இருபது வருடப் பழக்கம் அவருடைய உடம்பில் இருந்தது, கூப்பிடத்தான் ஒரு குரல் இல்லாமல் இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை மார்பின் ஒரு பக்கம் வைத்தார், மறுபக்கம் வைத்தார். மேஜை சாய்ந்ததில் டியூப் கீழே நழுவி ஒரு நுரையீரலுக்குள் மட்டும் போய்விட்டிருந்தது. மற்றது காற்று கிடைக்காமல் சும்மா கிடந்தது. இரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்தார். எண்பத்திநாலில் நின்ற எண் மெல்ல ஏறத் தொடங்கியது. பத்து முப்பத்தொன்பதுக்குத் தொண்ணூற்றாறு.

"அந்தச் சத்தத்தைக் குறைங்க," என்றார் சர்ஜன்.

மயக்க டாக்டர் குறைத்தார்.

மறுநாள் காலையில் பிரின்சிபால் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. பாராட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தலையை மறுபடி வாரி, ஷூவைத் துடைத்துக்கொண்டு போனாள். அந்த அப்பாவித்தனத்தை என்னவென்று சொல்வது!

"மெஷின்ல கை வெச்சியா?" என்றார் பிரின்சிபால் மேடம்.

"சத்தத்தைக் கூட்டினேன் மேடம்."

"ஸ்டூடண்ட் தொடலாமா?"

"தொடக்கூடாது மேடம். ஆனா ஆக்சிஜன் எண்பத்திநாலுக்கு வந்துடுச்சு."

மேடம் ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். மயக்க டாக்டரின் சார்ட். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணை எழுதுவது முறை. பத்து முப்பத்தைந்துக்குத் தொண்ணூற்றெட்டு. பத்து நாற்பதுக்குத் தொண்ணூற்றேழு. இரண்டு புள்ளிக்கும் நடுவே அழகாக ஒரு நேர்கோடு.

"எங்கே எண்பத்திநாலு?"

அவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். அதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. முறைப்படி புள்ளி வைத்திருக்கிறார். நடுவில் நடந்தது நடுவிலேயே போய்விட்டது.

"மானிட்டரோட மெமரியில இருக்கும் மேடம்."

"பழைய மெஷின். சாயங்காலம் ஆஃப் பண்ணினதோட அழிஞ்சாச்சு." மேடம் இன்னொரு காகிதத்தை எடுத்தார். டைப் அடித்துத் தயாராக இருந்தது. 'அனுபவமின்மையால் மானிட்டரைத் தவறாகப் புரிந்துகொண்டு, அனுமதியின்றிக் கருவியைத் தொட்டுவிட்டேன். நோயாளியின் ஆக்சிஜன் அளவில் எந்தக் குறைவும் ஏற்படவில்லை. என் செயலுக்கு வருந்துகிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"தொட்டதுக்கு வேணும்னா எழுதித் தர்றேன் மேடம். குறையலைன்னு எப்படி எழுதறது? குறைஞ்சுதே!"

"இங்க பாரு. இதுல கையெழுத்துப் போட்டா விஷயம் இதோட முடிஞ்சுது. ஐ.சி.யு. லிஸ்ட்ல உன் பேர் அப்படியே இருக்கும். போடலேன்னா உன் ரெக்கார்டுல ஒழுங்கு நடவடிக்கைன்னு ஏறும். அப்புறம் ஐ.சி.யு.வுல உன்னை எடுக்க மாட்டாங்க. ஓ.பி. ஊசி ரூம்தான்." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "நானும் நர்ஸாத்தான் ஆரம்பிச்சேன். எனக்குப் புரியாம இல்ல. ஆனா நாப்பது பிள்ளைங்களை அந்தத் தியேட்டருக்குள்ள விட்டாகணும். பெரிய சர்ஜன் கதவைச் சாத்திட்டா நீங்க எல்லாரும் எங்கே போய்ப் படிப்பீங்க? வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம்."

வீட்டில் அன்று சாயங்காலம் பெரிய பஞ்சாயத்து.

"உன்னைக் குத்தம் சொல்லலை, ஒரு கும்பிடு போட்டுடு," என்றார் அத்தான். "ஒரு கையெழுத்து. நாளைக்கு யாரு எடுத்துப் படிக்கப்போறாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்கன்னா எதுக்கு எழுதி வாங்கறாங்க?"

"பாரு, வாயைப் பாரு," என்றாள் அக்கா. "ரெண்டு மூணு வருஷமா ஐ.சி.யு., ஐ.சி.யு.ன்னு எங்க உயிரை வாங்கினே. இப்போ கைக்கு வந்ததை நீயே தட்டிவிடுவியா? அந்த ஆளு பொழைச்சுட்டாருல்ல? அப்புறம் என்ன உனக்கு?"

அம்மா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டுடும்மா," என்றாள். "உனக்குத் தெரியும், நடந்தது என்னன்னு. அது போதாதா?"

அம்மா சொன்னதுதான் அவளை அதிகமாகக் கலைத்தது. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தின் மேல் காகிதத்தை வைத்து, பேனாவைத் திறந்தாள். அவள் ஒன்றும் கல்லால் செய்தவள் இல்லை. ஐ.சி.யு. வேண்டும் என்று அவளுக்கு வயிறு வலிக்கிற அளவுக்கு ஆசை இருந்தது. பெயரின் முதல் எழுத்தைப் போட்டும்விட்டாள். இரண்டாவது எழுத்துக்குப் பேனா நகரவில்லை. மனசாட்சி, தர்மம் என்றெல்லாம் எதுவும் அப்போது வந்து நிற்கவில்லை. எண்பத்திநாலு என்கிற எண் மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது. காகிதத்தை மடித்து யூனிஃபார்ம் பையில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை அவளுக்கு ஆண்கள் வார்டில் டியூட்டி. லிஃப்ட் ஆபரேட்டர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் நின்று ஸ்பூனைப் பிடுங்குவதும் அவர் மறுபடி வாங்குவதுமாக இருந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்," என்றார் அவர். "ஆபரேஷன்ல எல்லாம் நல்லபடியாப் போச்சா?"

"கல்லு எடுத்தாச்சுங்க. நல்லா இருக்கீங்க."

"அது தெரியுது. நடுவுல ஒண்ணும் ஆகலையே? இவ கேட்டுக்கிட்டே இருக்கா. நான் என்னத்தைச் சொல்றது? நான் தூங்கிட்டு இருந்தேன். நீங்கதான் முழிச்சுட்டு இருந்தீங்க."

பட்டையில் காற்று இறங்கும் சத்தத்தைத் தவிர அவள் காதில் வேறு எதுவும் விழவில்லை. மாணவி நோயாளியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு முழுப் பாடமே உண்டு. "டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேளுங்க," என்றாள். "விடாம கேளுங்க." எண்ணைக் குறித்துவிட்டு வெளியே வந்தாள். பை கனத்தது. அந்த மனிதருடைய மூன்று நிமிடம் அவருக்கே தெரியாது. தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாலைந்து பேர்தான். அதில் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டாயிற்று. இவளும் மூடிவிட்டால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். இருபத்தெட்டு வயதில் எந்த முகத்தோடு ஒருவரிடம் போய், நீங்க தூங்குங்க, நான் பாத்துக்கறேன் என்று சொல்வது?

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்குப் பிரின்சிபால் மேஜையில் காகிதத்தை வைத்தாள். டைப் அடித்திருந்த வரிகளின் குறுக்கே ஒரு கோடு. கீழே அவளுடைய கையெழுத்தில்: 'கருவியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. தொட்டேன். காலை 10.36-க்கு 95. அதன் பிறகு 91, 88, 86. சத்தத்தைக் கூட்டிய பிறகு 84. டாக்டர் டியூபைச் சரிசெய்தார். 10.39-க்கு 96.' அதற்கும் கீழே முழுப் பெயரும் தேதியும்.

"என்ன இது?"

"நீங்க கேட்ட கையெழுத்து மேடம். வாசகத்தை மட்டும் மாத்தியிருக்கேன்."

மேடம் போனை எடுத்து மயக்க டாக்டரை வரச் சொன்னார். அவர் தியேட்டர் உடையிலேயே வந்தார். உட்காரவில்லை.

"எண்பத்திநாலுக்கு இறங்கிச்சா டாக்டர்?"

அவர் மேஜையில் இருந்த சார்ட்டைப் பார்த்தார். "சார்ட்ல இருக்கறதுதான் மேடம்…"

"சார்ட்டைக் கேக்கலை டாக்டர்," என்றாள் அவள். "உங்களைக் கேக்கறாங்க."

பிரின்சிபால் அறையில் ஒரு மாணவி இப்படிப் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும். மயக்க டாக்டரின் காது சிவந்தது. "எனக்கு அடுத்த கேஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தியா?" என்றார் மேடம்.

"பாத்தேன் மேடம். இல்லைன்னு அவரும் சொல்லலையே."

"அப்போ ஓ.பி.தான் உனக்கு. புரியுதா?"

"புரியுது மேடம். எழுதிக் குடுங்க."

"என்னது?"

"ஆக்சிஜன் குறைஞ்சுதுன்னு சொன்னதுக்காக இவளை ஓ.பி.க்கு அனுப்பறோம்னு எழுதி, கீழே நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் எழுதிக் குடுத்துட்டேன். இப்போ உங்க முறை."

மேடம் பேனாவின் மூடியைத் திறந்தார். வெள்ளைக் காகிதம் ஒன்றை இழுத்தார். நாற்பது மாணவிகளுக்காகப் பேசிய அந்த அம்மாளின் முகத்தில், ஒரு வரி எழுத முடியாத சங்கடம் அப்பட்டமாகத் தெரிந்தது. மூடியை மறுபடி மூடினார்.

"வெளியே போ," என்றார்.

திங்கட்கிழமை பட்டியலை ஒட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஐ.சி.யு.வில் சேர வேண்டிய மூன்று பேரில் அவள் இல்லை. இரண்டாவது இடத்தில் இருக்க வேண்டியவளுக்குப் பதிலாக நான்காவது வந்த பெண் இருந்தாள். இவளுடைய பெயர் கடைசித் தாளில், ஓ.பி. ஊசி அறைக்கு நேராக இருந்தது. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் எழுத்தில் பார்த்த பிறகு அங்கே நிற்க முடியவில்லை. துணி மடிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு படுக்கை விரிப்பில் முகத்தை வைத்துக் கேவிக் கேவி அழுதாள். ஆத்திரமும் இருந்தது, துக்கமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் மாடிப்படியில் மயக்க டாக்டர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா," என்றார் தணிந்த குரலில். "எண்பத்திநாலுதான்."

"வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கணும் டாக்டர். படிக்கட்டுல சொல்லி என்ன பிரயோஜனம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டதற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

அங்கிருந்து நேராகப் பஸ் பிடித்து மேற்படிப்புக் கல்லூரியின் கிளார்க்கிடம் போனாள். "இப்போ டிகிரி முடிச்சாச்சு சார்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் மாறாமல் கேட்டுவிட்டு, கோப்பைத் தூசி தட்டினார். ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பு ஒரு வருடத்துக்கு மேல் நிற்காது. புதிதாக ஒன்றும் சேராவிட்டால் காலாவதியாகிவிடும். அதன் பிறகு எந்த மருத்துவமனையின் ஐ.சி.யு.வுக்கும் மனு போடலாம். "ஒரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்," என்றார்.

"அது மட்டும் என்னால ஆகாது சார்."

முதல் தடவையாக அந்த மனிதர் சிரித்தார்.

வீட்டில் அத்தான், கண் கிளினிக் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். அக்கா கோபத்தில் தட்டுகளைச் சத்தமாக அடுக்கினாள்.

"இருபத்தெட்டுன்னு சொன்னே?" என்றாள் அம்மா.

"இப்போ இருபத்தொன்பது."

அம்மா ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே சொன்னாள்: "உன்னைச் சுமந்தப்பவே பத்து மாசம் முடிஞ்சு மேல பத்து நாள் இழுத்தடிச்சே. உனக்கு எதுவும் சொன்ன தேதியில நடக்காது. மாப்பிள்ளை, அந்தக் கண் டாக்டர்கிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடுங்க."

வியாழக்கிழமை அவளுக்குத் தியேட்டரில் கடைசி டியூட்டி. முதல் கேஸ் ஒரு பள்ளிக்கூட டீச்சர். தூங்குவதற்கு முன்னால், பரீட்சைத் தாள் திருத்துவது பாதியில் நிற்கிறது என்று கவலைப்பட்டுக்கொண்டே கண்ணை மூடினார். டியூப் போட்டாயிற்று. எண்ணும் நன்றாகத்தான் இருந்தது. மயக்க டாக்டர் வழக்கம் போலத் திருகில் கை வைத்துச் சத்தத்தைக் குறைத்தார். கதவைத் தள்ளிக்கொண்டு சர்ஜன் உள்ளே வந்தார், கவுன் மாட்டினார்கள், கையுறை மாட்டினார்கள். மேஜைக்கு வந்து நின்றார். அறை நிசப்தமாக இருந்தது.

"டாக்டர், மானிட்டர்ல சத்தம் வரலை," என்றாள் அவள்.

"உஷ்!"

"மெஷினைத் தொடக்கூடாதுன்னு சொன்னாங்க, தொடலை. வாயாலதான் சொல்றேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சத்தத்தைக் கூட்டுங்க டாக்டர்."

தியேட்டர் சிஸ்டரின் கை பஞ்சுத் தட்டின் மேல் அப்படியே நின்றது. சர்ஜன் மெதுவாகத் திரும்பி, மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களால் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"நீ அந்தப் பொண்ணுதானே? உன்னைத்தான் ஓ.பி.க்கு அனுப்பியாச்சே?"

"அது திங்கட்கிழமையிலேருந்து டாக்டர். இன்னைக்கு வியாழக்கிழமை."

ஒருவரும் மூச்சு விடவில்லை, மெஷினால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த டீச்சரைத் தவிர. அவள் மயக்க டாக்டரைப் பார்த்தாள். அவர் சர்ஜனைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தூங்குகிற டீச்சரின் முகத்தைப் பார்த்தபடியே கையை நீட்டித் திருகைத் திருப்பினார். பாதியில் நிறுத்தவில்லை, முழுக்கத் திருப்பினார்.

டிங், டிங் என்று உயரத்தில், தெளிவாக, அறை முழுக்க அந்தச் சத்தம் வந்தது. யாராவது குறைப்பார்கள் என்று சர்ஜன் காத்திருந்தார். தியேட்டர் சிஸ்டர் பஞ்சை எண்ணத் தொடங்கினார். மயக்க டாக்டர் நாற்காலியை மானிட்டரை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சர்ஜன் கையை நீட்டி, "கத்தி," என்றார்.